வலது பக்கம் சத்தம் கம்மி

அன்றைக்கே டாக்டரிடம் போயிருக்க வேண்டும். ஸ்பீக்கர்க்காரரோ எழுந்துபோய் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு பதினொரு நாள், ஒரு படியைக்கூடத் தாண்டாமல், ஒழுங்காகவும் பொறுமையாகவும் அவர் தப்பான இடத்தில் குறையைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தப் பதினொரு நாளில்தான் அவருடைய மனைவியின் வலது காது கையை விட்டுப் போனது.

அவர் ஸ்பீக்கர் விற்பவர் அல்ல. கடையில் கேட்டபோது சொக்கிப்போய் வாங்கிய பெட்டிகள் வீட்டுக்கு வந்ததும் ஏன் தகர டப்பா மாதிரி கத்துகின்றன என்று புரியாமல் விழிப்பவர்கள் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் போய் எதையும் புதிதாக வாங்கச் சொல்ல மாட்டார். இருப்பதை நகர்த்துவார். "பெட்டி நல்ல பெட்டிதாங்க, நிக்கிற இடம்தான் சரியில்ல" என்பார். அவ்வளவுதான் தொழில்.

நகர்த்துவதற்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு பெட்டி, ஒரு நாற்காலி. பெட்டிக்கும் பெட்டிக்கும் எவ்வளவு தூரமோ அதே தூரம்தான் ஒவ்வொரு பெட்டிக்கும் நாற்காலிக்கும் இருக்க வேண்டும். பெட்டியின் மேலே இருக்கும் சின்ன வட்டம், உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்துக்கு வர வேண்டும். சுவரோடு ஒட்டினால் தாழ்ந்த சத்தம் வீங்கிப்போகும். அதனால் சுவரை விட்டு இரண்டு சாண் முன்னால் இழுக்க வேண்டும். இதெல்லாம் கூடிவந்தால் ஒரு விஷயம் நடக்கும். பாடும் குரல் இந்தப் பெட்டியிலிருந்தும் வராது, அந்தப் பெட்டியிலிருந்தும் வராது. இரண்டுக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத காற்றில், ஆள் நிற்பது மாதிரி நின்று பாடும். ஒரே குரல் இரண்டு பக்கமிருந்தும் ஒரே அளவில் ஒரே நேரத்தில் இரண்டு காதுக்கும் வந்து சேர்கிறது. மூளை, "அப்படியென்றால் ஆள் நேர் எதிரேதான் நிற்க வேண்டும்" என்று முடிவு செய்துவிடுகிறது. இதை ஒவ்வொரு வீட்டிலும் புதிதாகக் கண்டுபிடித்தவர் மாதிரி விளக்குவார். விளக்கி முடித்துவிட்டு, "நடுவுல யாருமே இல்லைங்க. ரெண்டு காதும் சேர்ந்து பண்ற வேலை அது" என்பார். கேட்பவர்கள் தங்கள் காதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

ஆனால் நகர்த்துபவருக்கு ஒரு சங்கடம் உண்டு. நகர்த்தும்போது அவர் பெட்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டிருப்பார். குரல் எங்கே நிற்கிறது என்பது நாற்காலியில் இருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். அந்த நாற்காலியில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்தவள் அவர் மனைவி. வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் ஜட்ஜம்மா.

சோதிப்பதற்கென்று ஒரு பாட்டு வைத்திருந்தார்கள். ஒரு பெண் தனியாகப் பாடுவது, கூட ஒரே ஒரு வயலின். பாடுகிற பெண்ணை இருவரும் 'அந்தம்மா' என்பார்கள், பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்வது மாதிரி.

"அந்தம்மா அலமாரிக்குள்ள போய் நின்னுக்கிட்டாங்க" என்பாள் ஜட்ஜம்மா. அவர் வலது பெட்டியை நான்கு விரல் உள்ளே திருப்புவார்.

"இப்ப?"

"வெளிய வந்துட்டாங்க. ஆனா மூக்கடைப்பு."

பெட்டியைச் சுவரிலிருந்து முன்னால் இழுப்பார்.

சரியாக அமைந்துவிட்டால் அவள் ஒன்றுமே சொல்ல மாட்டாள். கண்ணை மூடிக்கொள்வாள். அவருக்கு அது போதும். எந்தப் பாடுபட்டும் தேறாத அறை என்றால், வீட்டுக்காரர் மனம் நோகக் கூடாது என்று எழுந்து நின்று, புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, "நல்லா இருக்குங்க" என்பாள். வீட்டுக்காரர் பூரித்துப் போவார். திரும்பி வரும் வழியில் ஸ்பீக்கர்க்காரர் கேட்பார், "அவ்வளவு மோசமா?" இவள், "கிணத்துக்குள்ள இருந்து யாரோ கூப்பிடுற மாதிரி இருக்கு, நான் என்ன சொல்ல?" என்பாள். இரண்டு பேரும் பஸ் ஸ்டாப் வரை சிரித்துக்கொண்டே போவார்கள்.

அவரிடம் சத்தத்தை அளக்கும் கருவி ஒன்றும் இருந்தது. ஆனால் ஒருமுறை கருவி இரண்டு பெட்டியும் சமம் என்றது, அவள் இல்லை என்றாள். பிரித்துப் பார்த்தால், இடது பெட்டிக்குள் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறி இருந்தன. அப்படி மாறினால் ஒரு பெட்டி காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். கருவிக்கு இது தெரியாது. அன்றிலிருந்து அவர் கருவியை நம்புவதை விட்டுவிட்டார். அவள் காது சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

இதையெல்லாம் சொல்லாமல் அந்தப் பதினொரு நாளைச் சொன்னால் அவரை முட்டாள் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள்.

முதல் நாள் காலை. மரக்கடைக்காரர் ஒருவர் தன் புது ஹாலுக்கென்று வாங்கி, சரிபார்த்துத் தரச் சொல்லி இறக்கியிருந்த பெட்டிகள் அவர்கள் வீட்டு முன்னறையில் இருந்தன. அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது வழக்கம். ஜட்ஜம்மா உட்கார்ந்தாள். பாட்டு ஓடியது.

"வலது பக்கம் சத்தம் கம்மியா இருக்கே" என்றாள். "அந்தம்மா இடது பக்கமா சாஞ்சு நிக்கிறாங்க."

அவர் உட்கார்ந்து கேட்டார். அவருக்கு நடுவில்தான் இருந்தாள் அந்தம்மா. "எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார்.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

அதுவும் சரிதான் என்று ஸ்க்ரூடிரைவரை எடுக்கப் போனார்.

குறையைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரே ஒரு வழிதான், ஆனால் அது தவறாத வழி. இடத்தை மாற்று. மாற்றியதோடு குறையும் நகர்ந்தால், குறை மாற்றிய பொருளில். நகராமல் அங்கேயே இருந்தால், குறை வேறு எங்கோ. முதலில் ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இடது ஒயரையும் வலது ஒயரையும் மாற்றிக் கொடுத்தார். "இப்ப?" "வலதுதான் கம்மி." ஆக, ஆம்ப்ளிஃபயர் இல்லை. மறுநாள் இடது பெட்டியை வலது பக்கமும் வலது பெட்டியை இடது பக்கமும் தூக்கி வைத்தார். முதுகு பிடித்துக்கொண்டது. "இப்ப?" "அப்பவும் வலதுதான்." ஆக, பெட்டியும் இல்லை.

மிச்சம் இருப்பது அறை. அவருக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. அறைதான் அவர் தொழில்.

அந்த அறையில் இடது பக்கம் வெற்றுச் சுவர், வலது பக்கம் கதவில்லாத வாசல். சுவர் சத்தத்தைத் திருப்பித் தரும், வாசல் விழுங்கிவிடும். போதாக்குறைக்கு முந்தின வாரம்தான் வாசலுக்குக் கனமான திரை ஒன்று மாட்டியிருந்தாள்.

"உன் திரைதான் திருடன்" என்றார்.

"என் திரையைக் குறை சொல்லாம உங்களுக்குச் சோறு இறங்காதே."

திரையைக் கழற்றினார். வலது பக்கம் கம்மிதான். இடது சுவரில் போர்வையைத் தொங்கவிட்டார். கம்மிதான். அந்தம்மா நடுவுக்கு வரவில்லை. நாளுக்கு ஒரு விரல் இடது பக்கம்தான் போய்க்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் ஜட்ஜம்மா சொன்னாள்: "அதோட ஒரு இரைச்சல் வேற வருதுங்க. 'ஙொய்'னு. சன்னமா, கொசு மாதிரி."

"எந்தப் பக்கம்?"

"வலதுதான்."

அவருக்கு அந்த இரைச்சல் கேட்கவில்லை. தனக்குக் கேட்காதது அவளுக்குக் கேட்பது புதிதா என்ன? மின் இணைப்பில் தரைக் கம்பி சரியில்லை என்றால் இப்படி ஒரு முனகல் வரும். ஆம்ப்ளிஃபயரைத் துண்டில் சுற்றிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனார்.

மெக்கானிக்கை எல்லாரும் ஈயம் என்றுதான் கூப்பிடுவார்கள். பற்றவைக்கும் ஈயத்தின் புகையிலேயே முப்பது வருடம் உட்கார்ந்திருப்பவர். இரண்டு நாள் ஆம்ப்ளிஃபயரைத் திறந்து போட்டுப் பார்த்துவிட்டு மூடியை வைத்து அழுத்தினார்.

"அண்ணே, இதுல ஒரு குறையும் இல்ல. நம்ம ரெண்டு பேருக்கும் அப்புறமும் இது பாடும்."

"ஜட்ஜம்மா இரைச்சல் கேக்குதுன்னு சொல்றாளே."

"அப்ப ஆம்ப்ளிஃபயர்தான் பொய் சொல்லுது. அண்ணியாவது, பொய்யாவது!" ஈயம் சிரித்தார். "உங்க மனசு ஆறணும்னா ரெண்டு பாகம் மாத்தித் தர்றேன். வேணுமா?"

"மாத்திடு."

மாற்றினார்கள். வீட்டுக்கு வந்து மாட்டினார். இரைச்சல் இருந்தது.

அந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஆம்ப்ளிஃபயரை நிறுத்திவிட்டு, "இப்பவும் கேக்குதா?" என்று கேட்டிருந்தால் போதும். பாட்டு ஓடும்போது மட்டும்தான் அவர் அவளிடம் கேள்வி கேட்பார். பாட்டு நின்றதும் அவள் சமையலறைக்குப் போய்விடுவாள், அவர் ஒயரைச் சுருட்டுவார். அப்படியே பழகிவிட்டது.

எட்டாம் நாள் கண்ணாடி வேலை. இது அவருக்கு மிகவும் பிடித்த வித்தை. நாற்காலியில் ஆளை உட்காரவைத்து, பக்கச் சுவரோடு ஒரு கண்ணாடியைச் சாய்த்துக்கொண்டே நகர வேண்டும். உட்கார்ந்திருப்பவருக்குக் கண்ணாடியில் எந்த இடத்தில் பெட்டி தெரிகிறதோ, அந்த இடத்தில் மோதித்தான் சத்தமும் அவரிடம் வருகிறது. வெளிச்சமும் சத்தமும் சுவரில் ஒரே மாதிரிதான் திரும்பும். ஜட்ஜம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் சுவரோடு சுவராக நகர்ந்தார்.

"தெரியுதா?"

"உங்க தொப்பைதான் தெரியுது."

"கண்ணாடியில என்ன தெரியுது?"

"இன்னும் கொஞ்சம் போங்க... இன்னும்... ஆ, தெரியுது."

பென்சிலால் குறித்தார். அந்த இடத்தில் பஞ்சு அடைத்த பலகை வைத்தார். உட்கார்ந்து கேட்டபோது வயலினின் வில் நரம்பில் உரசுவதுகூட அவருக்கே கேட்டது. அந்த அறை இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

"வலது பக்கம் இன்னும் கம்மிதாங்க" என்றாள். குரலில் ஒரு தயக்கம். தானே ஏதோ கெடுத்துவிட்டது மாதிரி.

பத்தாம் நாள் அவளே சொன்னாள். "எனக்குத்தான் என்னமோ சளி பிடிச்ச மாதிரி இருக்குங்க. காது அடைச்சாப்பல இருக்கு. வேணும்னா நீங்களே கேட்டு முடிச்சு அனுப்பிடுங்களேன். மரக்கடைக்காரர் எத்தனை நாள் பொறுப்பார்?"

அவர் தரையில் உட்கார்ந்து கம்பளத்தை விரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "உன் காதுக்குச் சளியெல்லாம் ஒரு பொருட்டா? ஜலதோஷத்தோடயே எத்தனை வீட்டுக்குத் தீர்ப்பு சொல்லியிருக்கே."

அவளுக்குப் பெருமையாக இருந்தது. சிரித்தாள். அவருக்கும் அவளைப் பாராட்டிவிட்ட நிறைவு. கம்பளத்தின் ஓரத்தை நீவிவிட்டார்.

பதினோராம் நாள் மரக்கடைக்காரரே போனில் கூப்பிட்டார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. போன் நாற்காலிக்குப் பின்னால் மேஜையில் இருந்தது. ஜட்ஜம்மா எழுந்துபோய் எடுத்தாள். அவள் எப்போதும் போனை இடது காதில்தான் வைப்பாள், வலது கை விலாசம் எழுத வேண்டுமே.

"ஆமாங்க... இல்லங்க, ஒரு சின்னக் குறை... ஓ, அப்படியா?" திரும்பி அவரைப் பார்த்தாள். "என்னங்க, பாட்டை ஏன் நிறுத்தினீங்க? போட்டு விடுங்க. பெட்டி எப்படிப் பாடுதுன்னு அவர் போன்லயே கொஞ்சம் கேக்கணுமாம்."

பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தம்மா உச்சத்தில் பாடிக்கொண்டிருந்தாள்.

போனிலிருந்து மரக்கடைக்காரரின் குரல் அவர் நின்ற இடம் வரைக்கும் கேட்டது. "நல்லா கேக்குதும்மா! பிரமாதமா கேக்குது!"

ஜட்ஜம்மா போனைக் காதிலிருந்து எடுத்தாள். இடது காது திறந்ததும் பாட்டு அவளுக்குள் வந்திருக்க வேண்டும். அவள் முகம் அப்படி மாறியது. போனை மறுபடி வைத்தாள். எடுத்தாள்.

இருக்கும் எல்லாவற்றையும் இடம் மாற்றிப் பார்த்தாகிவிட்டது. மாற்றிப் பார்க்காத ஒன்று இத்தனை நாளும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

அவர் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். "உக்காரு" என்றார். அவள் பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இப்போது அவளுடைய வலது பக்கத்தில் இருப்பது, பதினொரு நாளாக அவள் குறையே சொல்லாத இடது பெட்டி.

"எந்தப் பக்கம் கம்மின்னு கையைக் காட்டு."

அவள் கண்ணை மூடிக்கொண்டு கவனமாகக் கேட்டாள். எந்த வீட்டிலும் அவள் அவசரப்பட்டுத் தீர்ப்பு சொன்னதில்லை. பிறகு வலது கையை மெல்லத் தூக்கி வலது பக்கம் நீட்டினாள். இடது பெட்டியை நோக்கி.

குறை அவளோடு நகர்ந்துவிட்டது.

காது டாக்டரிடம் ஒரு சின்னக் கண்ணாடி அறை இருந்தது. உள்ளே சுவரெல்லாம் தடித்த பஞ்சு. கதவைத் திறந்தபோது ஸ்பீக்கர்க்காரர் தன்னை அறியாமல் நாக்கைச் சுண்டிப் பார்த்தார். எதிரொலியே இல்லை. வாழ்நாளில் அவர் பார்த்த அறைகளிலேயே உத்தமமான அறை. அதன் நடுவே ஒரு நாற்காலி. ஜட்ஜம்மா பழக்கப்பட்டவளாகப் போய் உட்கார்ந்தாள். தலையில் மாட்டும் ஸ்பீக்கரை மாட்டினார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்க வேண்டும்.

வெளியே சோதனை செய்யும் பெண் பொத்தானை அழுத்தினாள். அழுத்தும்போதெல்லாம் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. இடது காதுக்கு எரிந்தபோதெல்லாம் உள்ளே கை தூக்கப்பட்டது. இலை அசைவது மாதிரி மெல்லிய சத்தத்துக்குக்கூடத் தூக்கினாள். "அம்மாவுக்கு இந்தக் காது ரொம்ப நல்லா இருக்கே" என்றாள் அந்தப் பெண். பிறகு வலதுக்கு மாற்றினாள். விளக்கு எரிந்தது. கை மடியில் இருந்தது. குமிழைத் திருகினாள். விளக்கு எரிந்தது. இன்னும் திருகினாள். அணைந்து எரிந்தது, அணைந்து எரிந்தது. உள்ளே ஜட்ஜம்மா தலையைச் சற்றுச் சாய்த்து, புருவத்தைச் சுருக்கி, சோதனை எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற அவருக்குத் தன் கையைத் தூக்கிக் காட்டிவிட வேண்டும் போல இருந்தது.

டாக்டர் ஒரு படத்தை வைத்து விளக்கினார். காதுக்குள் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு குழாய். அதற்குள் நீர். நீருக்குள் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் வரிசையாக நிற்கின்றன. சத்தம் வந்தால் நீர் அசைகிறது, இழைகள் அசைகின்றன, மூளைக்குச் செய்தி போகிறது. வாசலில் நிற்கும் இழைகள் கீச்சுச் சத்தத்துக்கு, உள்ளே போகப் போகத் தாழ்ந்த சத்தத்துக்கு.

"அட, ஒவ்வொரு சத்தத்துக்கும் தனித்தனியாவா!" என்று ஸ்பீக்கர்க்காரர் படத்தின் மேல் குனிந்துவிட்டார். உடனே வெட்கமாகப் போயிற்று. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"திடீர்னு சிலருக்கு இப்படி ஆகும். காரணம் பல சமயம் தெரியாது" என்றார் டாக்டர். "எத்தனை நாளா?"

"பதினொரு நாள்."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "முதல் ரெண்டு மூணு நாள்ல வந்திருந்தா வாய்ப்பு அதிகம். ஏன் இவ்வளவு தாமதம்?"

ஸ்பீக்கர்க்காரர் வாயைத் திறந்தார். எங்கிருந்து ஆரம்பிப்பது? திரையிலிருந்தா, ஒயரிலிருந்தா?

"சளின்னு நினைச்சுட்டேன் டாக்டர்" என்றாள் ஜட்ஜம்மா. அவர் பக்கம் பார்க்கவில்லை.

"மருந்து தர்றேன். சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. இனிமே பொறுத்துத்தான் பாக்கணும்."

"நாங்க ஏதாவது... சரி பண்ற மாதிரி..." என்று இழுத்தார் ஸ்பீக்கர்க்காரர்.

"அங்க திருகுறதுக்கு ஸ்க்ரூ எதுவும் இல்லைங்க" என்றார் டாக்டர், அன்பாகத்தான்.

இரண்டு வாரம் மாத்திரை. மாத்திரையால் அவள் முகம் கொஞ்சம் உப்பியது. தினமும் காலையில் அவர் அவளுடைய வலது காதருகே விரல் இரண்டையும் உரசுவார். அவள் அவருடைய முகத்தைப் பார்ப்பாள். கேட்டால் சொல்ல மாட்டாளா? அவர் கையை இறக்கிவிடுவார். மூன்றாம் வாரம் அவள், "விரல் தேஞ்சிடப் போகுது, விடுங்க" என்றாள். நடக்கும்போது அவளுடைய இடது பக்கமாக வரப் பழகிக்கொண்டார். மறந்துபோய் வலது பக்கம் வந்து ஒரு தெரு முழுக்கப் பேசிக்கொண்டு போன நாளும் உண்டு.

மரக்கடைக்காரர் வீட்டுக்கு அவர் தனியாகப் போனார். தானே நகர்த்தி, தானே ஓடிவந்து நாற்காலியில் உட்கார்ந்து, மறுபடி எழுந்து ஓடி. எல்லாம் சரியாகத்தான் இருந்தது என்று கருவி சொன்னது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முன்னறையை மொத்தமாகக் கலைத்தார். ஒரு காதுக்கு எதற்கு இரண்டு பெட்டி? இரண்டு பக்கமும் பிரித்துப் பதிந்ததை ஒன்றாகச் சேர்த்து ஒரே பெட்டிக்கு அனுப்பினால் பாட்டில் எதுவும் விட்டுப்போகாது. வீட்டுப் பெட்டிகளில் வலது பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தார். இடது பெட்டியை மட்டும் முன்னால் இழுத்து, அவளுடைய இடது காதைப் பார்க்கத் திருப்பி, உயரம் பார்த்து, அடியில் பலகை வைத்தார். மூன்று மணி நேர வேலை. கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சுவரோடு நகர்ந்தபோது அவள் தொப்பையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"உக்காரு" என்றார்.

பாட்டு ஆரம்பித்தது. அவர் பெட்டிக்குப் பின்னால் குனிந்தபடி காத்திருந்தார். குரல் தெளிவாக இருந்தது. வயலின் தெளிவாக இருந்தது. ஆனால் அந்தம்மா எங்கேயும் நிற்கவில்லை. பெட்டிக்குள்ளிருந்து பாடினாள். அது அவருக்கே தெரிந்தது.

ஜட்ஜம்மா கண்ணை மூடவில்லை. கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு எழுந்து நின்று, புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள்.

"நல்லா இருக்குங்க" என்றாள்.

இருபத்திரண்டு வருடத்தில் அவரிடம் அவள் அதைச் சொன்னதில்லை. அவர் பெட்டியை நான்கு விரல் உள்ளே திருப்பினார்.

"இப்ப?"

"நல்லா இருக்குங்க."

அவர் பெட்டியைப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தார்.